செல்லுக்குள் கட்டிப் பிரிக்கும் சாரம்

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சைட்டோஸ்கெலிட்டன் என்றால் செல்லின் எலும்புக்கூடு என்று படித்துவிட்டு, "அப்போ அதிலும் கால்சியம் இருக்குமா?" என்கிறானாம். வீட்டில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக வாரம் ஒருமுறை பாக்ளிடாக்சல் ஏற்றுகிறார்கள். முடி கொட்டிவிட்டது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. "செல்லுக்குள்ள இருக்கிற நுண்குழல் மேல வேலை செய்ற மருந்து இது" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தம்பி படிக்கிற பாடமும் அம்மாவுக்கு ஏறுகிற மருந்தும் ஒரே விஷயத்தைப் பற்றியதா என்பது அவர் கேள்வி.

ஒரே விஷயம்தான். கல்லூரியில் பல வருடம் செல் உயிரியல் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைவிட நல்ல கேள்வி வந்ததாக நினைவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கால்சியம். சைட்டோஸ்கெலிட்டன் என்கிற செல் சட்டகத்தில் எலும்பில் இருப்பதுபோல் சுண்ணாம்புச் சத்து கிடையாது, அது முழுக்கப் புரதம். சிறு சிறு புரத உருண்டைகளும் நீளமான புரதங்களும் கோத்து உண்டாகும் இழைகள். 1931-இல் பால் வின்ட்ரெபெர்ட் என்ற பிரெஞ்சு உயிரியலாளர் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் எண்ணம். எலும்புக்கூடு என்றதும் ஒருமுறை வளர்ந்து அப்படியே நிற்கிற ஒன்று மனதில் வந்துவிடுகிறது. நான் வகுப்பில் சாரம் என்றுதான் சொல்வேன். நம் தெருக்களில் வீடு கட்டும்போது சவுக்குக் கம்பை நட்டு, கயிற்றால் கட்டி, ஆள் ஏறி நின்று வேலை செய்வார்களே, அந்தச் சாரம். இன்று கிழக்குச் சுவரில் நிற்கும் கம்பு நாளை மேற்குச் சுவருக்குப் போய்விடும். செல்லுக்குள்ளும் அப்படித்தான். அவிழ்ந்து விழுந்த துண்டுகளே வேறு இடத்தில் மறுபடி கட்டப்படுகின்றன. அதுவும் மாதக் கணக்கில் இல்லை, நிமிடக் கணக்கில். அந்த ஓயாத கட்டிப் பிரிப்பு புரிந்தால்தான் அம்மாவின் மருந்தும் புரியும்.

சாரத்தில் மூன்று வகை இழைகள். நுண்குழல், ஆக்டின் நுண்ணிழை, இடைநிலை இழை. உங்கள் வீட்டு விஷயம் நுண்குழல் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நுண்குழலின் செங்கல் டியூபுலின் என்ற புரதம். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு உருண்டைகள் ஒட்டிய ஜோடி, நீளம் 8 நானோமீட்டர். இந்த ஜோடிகள் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி ஒரு சரமாகும். பொதுவாக 13 சரங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி வட்டமானால் உள்ளே வெற்றிடமுள்ள ஒரு குழல் கிடைக்கும். அதன் குறுக்களவு 25 நானோமீட்டர், நம் தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. எல்லா ஜோடிகளும் ஒரே திசை பார்த்து நிற்பதால் குழலின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேகமாக வளர்வது கூட்டல் முனை, மற்றது கழித்தல் முனை. விலங்கு செல்களில் பெரும்பாலும் கழித்தல் முனை உட்கருவுக்குப் பக்கத்தில், குழல்கள் கிளம்பும் மையமான சென்ட்ரோசோமில் பதிந்திருக்கும். கூட்டல் முனை செல்லின் ஓரத்தை நோக்கிப் போகும்.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. சுத்தம் செய்த டியூபுலின் கரைசலை ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் தரும் சிறு மூலக்கூறோடு ஒரு சிறு குழாயில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்தால் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். அதையே எடுத்து 37 டிகிரிச் சூட்டில் வையுங்கள். சில நிமிடங்களில் லேசாகக் கலங்கும், அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர்போல. உள்ளே கோடிக்கணக்கில் குழல்கள் முளைத்துவிட்டன. திரும்ப ஐஸில் வைத்தால் மறுபடி தெளிந்துவிடும். உயிருள்ள செல்லிலும் இதே கதைதான். அரை மணி நேரம் ஐஸில் வைத்த செல்லில் நுண்குழல்கள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். சூட்டுக்குக் கொண்டுவந்ததும் சென்ட்ரோசோமிலிருந்து நாலா பக்கமும் கதிர் கதிராகக் கிளம்பும். இதனால்தான் குளிரில் பதப்படுத்திய செல்களைப் பார்த்துவந்த முந்தைய ஆய்வாளர்களுக்கு நுண்குழல்கள் சரியாகத் தென்படவில்லை. குளுட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தி வந்த 1963-ஐ ஒட்டித்தான் அவை எல்லா செல்களிலும் இருப்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவானது.

சூடு மாறாமல் இருந்தாலும் குழல்கள் சும்மா இருப்பதில்லை. 1984-இல் டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் இருவரும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஒரே கரைசலில் சில குழல்கள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன, பக்கத்திலேயே சில குழல்கள் சட்டென்று சரிகின்றன. காரணம், ஒவ்வொரு டியூபுலின் ஜோடியும் ஒரு GTP-யைச் சுமந்து வந்து சேர்கிறது. சேர்ந்த சிறிது நேரத்தில் அது ஒரு பாஸ்பேட்டை இழந்து GDP நிலைக்கு இறங்குகிறது, ஜோடியின் பிடி தளர்கிறது. நுனியில் புது ஜோடிகள் தொப்பிபோல் மூடியிருக்கும்வரை குழல் நிற்கும். தொப்பி போனால் சரங்கள் வாழைப்பழத் தோல் உரிவதுபோல் வெளிப்பக்கம் வளைந்து கழன்றுவிடும். ஓய்வில் இருக்கும் செல்லில் ஒரு நுண்குழலின் ஆயுள் சில நிமிடங்கள். செல் பிரியும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

இத்தனை வீண்வேலை எதற்கு என்று தம்பி கேட்பான், கேட்க வேண்டும். கரண்ட் போன ராத்திரியில் தீப்பெட்டியை எப்படித் தேடுகிறோம்? கையை ஒரு பக்கம் நீட்டுகிறோம், இல்லையென்றால் இழுத்து இன்னொரு பக்கம் நீட்டுகிறோம். பிரியப்போகும் செல்லில் நுண்குழல்கள் செய்வது அதே தேடல். மனித செல்லில் 46 குரோமோசோம்கள். ஒவ்வொன்றும் இரட்டித்து நிற்கிறது. ஒவ்வொன்றின் இடுப்பையும் இரு துருவத்திலிருந்தும் வரும் குழல்கள் பிடித்தாக வேண்டும். நீண்டு, சுருங்கி, மறுபடி நீண்டு தேடுகிற குழலுக்குத்தான் அது கைகூடும். பிடித்தபிறகு குழல் குறைந்துகொண்டே போவதுதான் குரோமோசோமை இழுத்துப் பிரிக்கவும் உதவுகிறது. இந்த அமைப்பைத்தான் பாடத்தில் கதிர்க்கோல் என்கிறார்கள். (சென்ட்ரோசோமின் நடுவில் இருக்கும் சென்ட்ரியோல் இல்லாமல் கதிர்க்கோல் இல்லை என்று விடைத்தாளில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். பூக்கும் தாவரங்களுக்கு சென்ட்ரியோலே கிடையாது, அவற்றின் செல்களும் ஒழுங்காகப் பிரிகின்றன.)

இப்போது அம்மாவின் மருந்து. பாக்ளிடாக்சல் முதலில் கிடைத்தது அமெரிக்காவின் பசிபிக் கரையோர யூ மரப்பட்டையிலிருந்து. அது நுண்குழலை உடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1979-இல் சூசன் ஹார்விட்ஸின் ஆய்வுக்கூடம் நேர்மாறாகக் காட்டியது. மருந்து குழலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, அது பிரியவே முடியாதபடி இறுக்கிவிடுகிறது. நீட்டிய கையை மடக்க முடியாமல் போனால் தீப்பெட்டியைத் தேட முடியாது இல்லையா? பிரிய வந்த புற்று செல் கதிர்க்கோலைச் சரியாக அமைக்க முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறது, அல்லது குரோமோசோம்களைத் தாறுமாறாகப் பங்கிட்டுச் சாகிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து தாக்குகிற மருந்துகளும் உண்டு, அவை நம் மண்ணுக்கு மிக நெருக்கம். வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்பார்களே, அதிலிருந்துதான் வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் கிடைத்தன. இவை டியூபுலின் குழலாகச் சேர்வதையே தடுக்கின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. அடுத்தது செங்காந்தள், நம் மாநில மலர். விரலுக்குக் காந்தளை உவமை சொன்ன மொழி நம்முடையது. அந்தச் செடியின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்ச்சிசின் டியூபுலின் ஜோடியைப் பற்றிக்கொண்டு குழல் வளரவிடாமல் செய்கிறது. சொல்லப்போனால் டியூபுலின் என்ற புரதத்தை அறிவியல் கண்டுபிடித்ததே இதை வைத்துத்தான். கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசினை செல்லுக்குள் விட்டு, அது எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று 1967-இல் போரிசியும் டெய்லரும் துரத்திப் பிடித்தார்கள். அதற்கு முன்பே, 1956-இல், மனிதனுக்கு 48 இல்லை 46 குரோமோசோம்தான் என்று ட்ஜியோவும் லெவானும் எண்ணிச் சொன்னதிலும் கோல்ச்சிசினுக்குப் பங்குண்டு. அது செல்லைப் பிரியும் நடுவில் நிறுத்திவிடுவதால் குரோமோசோம்கள் எண்ணுவதற்கு வாகாகக் கிடைத்தன. கோடையில் வாங்குகிற விதையில்லாத் தர்பூசணிக்குப் பின்னாலும் இதே சரக்குதான். கோல்ச்சிசினால் குரோமோசோம்களை இரட்டித்த செடியைச் சாதாரணச் செடியோடு கலந்தால் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள விதை கிடைக்கிறது. அதை விதைத்தால் வரும் மலட்டுச் செடியில் காய்ப்பதுதான் அந்தப் பழம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். காந்தள் கிழங்கு கொடிய விஷம். "இயற்கை மருந்து" என்று யாராவது அரைத்துக் கொடுத்தால் அம்மாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, விரல் ஏன் மரக்கிறது? நரம்பு செல் பிரிவதே இல்லையே, பிரிகிற செல்லைத் தாக்கும் மருந்து அதை ஏன் தொந்தரவு செய்கிறது?

ஏனென்றால் நுண்குழலின் இரண்டாவது வேலை சாலையாக இருப்பது. கால் விரலின் உணர்வைக் கொண்டுவரும் நரம்பு செல்லின் உடல் இடுப்பருகே முதுகெலும்புப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வால் விரல்நுனி வரை ஒரே இழையாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் போகிறது. செல் உடல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். மெரினாவில் கலங்கரை விளக்கத்தின் காலடியில் ஒரு பெரிய எலுமிச்சம்பழம் கிடக்கிறது, அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு கயிறு கிளம்பி ஏறத்தாழ காந்தி சிலை வரை மணலில் போகிறது. அந்தக் கயிற்றின் கடைக்கோடிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி எலுமிச்சைக்குள்தான் தயாராகிறது. தானாக மிதந்து போய்ச் சேர வேண்டுமென்றால் வருடக்கணக்கில் ஆகும்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது கைனசின் என்ற புரதம். 1985-இல் கணவாய் மீனின் பெரிய நரம்பிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரண்டு கால்கள் மாதிரி இரண்டு தலைகள். ஒன்றை மாற்றி ஒன்று எடுத்துவைத்து நுண்குழல்மேல் நடக்கிறது. ஒரு எட்டுக்கு 8 நானோமீட்டர், அதாவது ஒரு டியூபுலின் ஜோடியின் நீளம். ஒரு எட்டுக்கு ஒரு ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவு. சரக்குப் பையை முதுகில் சுமந்து கூட்டல் முனையை நோக்கிப் போகும். திரும்பி வரும் வழிக்கு டைனின் என்ற வேறொரு புரதம். இந்த வேகப் போக்குவரத்து நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் போகிறது. இடுப்பிலிருந்து கால் விரலுக்குச் சரக்கு போய்ச்சேர மூன்று முதல் ஐந்து நாள். வெறிநாய்க்கடி வைரஸ் கடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு ஏறுவதும் இதே திரும்பும் வண்டியில் தொற்றிக்கொண்டுதான். நாய் கடித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஊசி போடவேண்டும் என்பதற்கு உயிரியல் காரணம் இந்தச் சாலையில் இருக்கிறது.

பாக்ளிடாக்சல் ஏறும்போது நரம்பின் நுண்குழல்களும் விறைத்துப் போகின்றன, போக்குவரத்து தடுமாறுகிறது. எந்த ஊரில் முதலில் தட்டுப்பாடு வரும்? சாலையின் கடைசியில் இருக்கும் ஊரில். அதனால்தான் கால் விரல், கை விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸும் கையுறையும் போட்ட அளவுக்கு மேலே ஏறுகிறது மரமரப்பு. பாதிப்புக்கு வேறு காரணங்களும் கூடச் சேர்கின்றன, ஆனாலும் அடித்தளம் இது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருக்கவேண்டாம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை, படியில் கால் தடுமாறுகிறது என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதோ இடைவெளி விடுவதோ அவர் முடிவுசெய்ய வேண்டியது, அதற்கு அவருக்கு இந்தத் தகவல் தேவை. சிகிச்சை முடிந்தபின் பலருக்கு மெல்ல மெல்லக் குறைகிறது, சிலருக்கு கொஞ்சம் தங்கிவிடுகிறது. சுடுதண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள்.

ஆக்டினுக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, காரணம் ஒரு மீன். கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் பிளாக் டெட்ரா என்று கறுப்பாகச் சின்னதாக ஒன்று கிடைக்கும். அதன் உடலிலிருந்து ஒரே ஒரு செதிலை இடுக்கியால் மெல்ல எடுத்துவிட்டு மீனைத் தொட்டியில் விட்டுவிடலாம், செதில் மறுபடி முளைக்கும். எடுத்த செதிலை வளர்ப்புத் திரவத்தோடு இரண்டு கண்ணாடி வில்லைகளுக்கு நடுவே வைத்து மூடவேண்டும். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால் செதிலின் விளிம்பிலிருந்து தோல் செல்கள் தாமாக வெளியே நடந்து வந்திருக்கும். பிறை வடிவம். முன்பக்கம் அகன்ற மெல்லிய விசிறி, பின்னால் உருண்டையாக உடல். நிமிடத்துக்குப் பத்து இருபது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வேகத்தில், கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு போகும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் பேசாமல் நின்றுவிடுவார்கள்.

அந்த விசிறிக்குள் இருப்பது ஆக்டின் வலை. 7 நானோமீட்டர் தடிமனில், இரண்டு சரம் முறுக்கிய இழைகள். முன் விளிம்பில் புது உருண்டைகள் சேரச் சேர இழை நீண்டு சவ்வை முன்னால் தள்ளுகிறது. பழைய இழையின் விலாவில் சுமார் 70 டிகிரிச் சாய்வில் புதுக் கிளை விடுவதற்கென்று தனிப் புரதக் கூட்டம் இருக்கிறது. பின்பக்கம் பழைய இழைகள் வெட்டப்பட்டு, உருண்டைகளாக உதிர்ந்து, முன்னுக்குத் திரும்புகின்றன. இதில் அழகு என்னவென்றால், வலையில் ஒரு புள்ளியைக் குறித்துவைத்துப் பார்த்தால் அது கண்ணாடிமேல் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், செல்தான் அதைத் தாண்டிப் போகும். தண்டவாளத்தைப் பின்னால் பெயர்த்து முன்னால் போட்டுக்கொண்டே ஓடும் ரயில் மாதிரி. இந்த செல்லின் விசிறியில் ஒரு துண்டு பிய்ந்து வந்தால், உட்கருவும் நுண்குழலும் இல்லாத அந்தத் துண்டும் நடக்கும்! 1984-இல் அதைக் காட்டினார்கள். காயம் ஆறும்போது தோல் செல்கள் நகர்ந்து மூடுவதும், வெள்ளணுக்கள் கிருமியைத் துரத்துவதும் இந்த ஆக்டினின் தயவால்தான். வருத்தமான செய்தி, புற்று செல் வேறு உறுப்புக்குப் பரவ நடப்பதும் இதே காலால்தான்.

ஆக்டினோடு மயோசின் என்ற இன்னொரு புரதம் சேர்ந்தால் இழுவிசை வரும். லாரித் தண்ணீர்க் குடத்தை இடுப்புக்குத் தூக்கும்போது கைத் தசைக்குள் மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கிறது. இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகின்றன. 1954-இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இதைச் சொன்னார்கள். செல் பிரிந்து முடியும்போது நடுவில் ஆக்டின் மயோசின் வளையம் பாட்டியின் சுருக்குப்பை வாயைப்போல் இறுகி, ஒன்றை இரண்டாக்குகிறது. ஆக, குரோமோசோமைப் பங்கிடுவது நுண்குழல், வீட்டை இரண்டாகத் தடுப்பது ஆக்டின்.

இடைநிலை இழைகள் தடிமனில் நடுவில் இருப்பதால் அந்தப் பெயர், சுமார் 10 நானோமீட்டர். இவை கயிறு. தேங்காய் நாரை இரண்டிரண்டாகத் திரித்து, அதை மறுபடி திரித்து வடம் செய்வதுபோல், நீளமான புரதங்கள் இரண்டிரண்டாக முறுக்கி அடுக்கடுக்காகச் சேர்கின்றன. திசை கிடையாது, அதனால் இவற்றின்மேல் எந்த வண்டியும் ஓடுவதில்லை. வேலை ஒன்றே ஒன்று, இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்குவது. தோல் செல்லில் கெரட்டின், தசையில் டெஸ்மின், உட்கருவின் உள்சுவரில் லாமின். கெரட்டின் ஜீனில் ஓர் எழுத்து பிசகினால்கூடப் போதும், செருப்பு உராய்ந்த இடத்திலெல்லாம் கொப்புளம் எழும் பரம்பரை நோய் வருகிறது. அந்தக் குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இழைகள் எதற்கென்று விளக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கொலாஜனும் முறுக்கிய புரதம்தானே, அதுவும் செல் சட்டகமா? இல்லை. கொலாஜன் செல்லுக்கு வெளியே இருப்பது, தோலுக்கும் எலும்புக்கும் செல்களின் நடுவே பாவு நூலாகக் கிடப்பது. அதன் மூவிழை முறுக்கை உலகத்துக்குச் சொன்னது இதே ஊர், 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கெரட்டின் இரண்டிழை, உள்ளே. கொலாஜன் மூவிழை, வெளியே. தம்பி இப்படி நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அம்மாவின் முடியைப் பற்றிக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். வெளியே தெரியும் முடி என்பது கெரட்டின் இழைகள் நிறைந்து செத்த செல்களின் அடுக்கு, அதில் மருந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. அதைத் தள்ளிக்கொண்டே இருப்பது தோலுக்கடியில் முடிவேரில் இருக்கும் செல்கள். உடலிலேயே மிக வேகமாகப் பிரிகிறவற்றில் அவையும் சேர்த்தி. நுண்குழல் விறைத்ததும் அவை பிரிவதை நிறுத்துகின்றன, தண்டு மெலிந்து முறிகிறது, கொத்தாக உதிர்கிறது. ஆனால் வேரின் பக்கத்திலேயே மெதுவாகப் பிரியும் மூலச்செல்கள் ஒதுங்கி இருக்கின்றன. ஊசி நின்ற சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு அவை மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். முதலில் வருவது பூனைமுடிபோல் மென்மையாக, சிலருக்குச் சுருட்டையாகக்கூட வரும். அம்மாவுக்கு அப்படி வந்தால் பயப்படவேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.